ஸ்பிரிங்கை ஆளும் தண்டு

காரின் முன் சக்கரத்தை அடுத்து, மட்கார்டின் உட்குழிவில் சேறும் தூசியும் படிந்து நிற்கும் ஸ்ட்ரட் என்னும் தண்டு மூன்று பொறுப்புகளை ஒருசேரச் சுமக்கிறது. வண்டியின் எடையைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங்குக்கு அது இருக்கையாகிறது. அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்போது பிறக்கும் ஆட்டத்தைத் தன் வயிற்றிலுள்ள எண்ணெயைக் கொண்டு அடக்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சின் மேல்முனையாகவும், சக்கரம் உட்புறமோ வெளிப்புறமோ சாய்ந்துவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் நிற்கிறது. ஒரு பொருளிடம் எத்தனை வேலை வாங்கலாம் என்று பார்ப்பதே பொறியியல் சிக்கனத்தின் உயர்ந்த வடிவம் என்றால், கார்களில் அதற்கு ஸ்ட்ரட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அது தேய்ந்த பின் வீட்டு வாசலிலேயே கழற்றி மாற்றும் வேலையின் ரசனையும், இந்த மூன்று பொறுப்புகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து கைக்குத் தட்டுப்படுவதில்தான் இருக்கிறது.

இவ்வமைப்பு எர்ல் ஸ்டீல் மெக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. 1891-இல் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரொலே பிரிவில், ஏறத்தாழ 1000 டாலருக்கு விற்கத்தக்க கேடட் என்னும் சிறு காரை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார். அதுவரை, சக்கரங்கள் தனித்தனியே ஏறியிறங்கும் முன்பக்க அமைப்பு என்றால் பெரும்பாலும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கவைக் கைகள் வேண்டும். அவற்றுக்கிடையே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனியே பொருத்தப்பட வேண்டும். மேலுள்ள கையை அறவே நீக்கி, ஷாக் அப்சார்பரையே நீட்டித் தடிப்பாக்கி, அதன் உச்சியை வண்டியின் உடற்கூட்டில் ஊன்றிவிட்டால் போதும் என்ற முடிவுக்கு மெக்பெர்சன் வந்தார். கேடட் 1947-இல் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்டு நிறுவனத்துக்குப் போனார். 1950-இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான கான்சல், செஃபிர் என்னும் பிரிட்டிஷ் ஃபோர்டு கார்களின் வழியாக அந்தத் தண்டு பெருவாரியாகச் சாலைக்கு வந்தது. வண்டி வளைவில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியையே, கீழ்க்கை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் கம்பியாகவும் அக்கார்களில் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதைப் பார்க்கும்போது, ஒன்றிடம் இரண்டு வேலை வாங்குவது அந்த வடிவமைப்பின் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது தெரிகிறது.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்த இரண்டு கார்களிலும் இத்தண்டு கிடையாது. அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்கியது முறுக்குக் கம்பி. பிரீமியர் பத்மினிக்கு இரண்டு கவைக் கைகளும் அவற்றுக்கிடையே சுருள் ஸ்பிரிங்கும் இருந்தன. பெருவாரியான நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கு ஸ்ட்ரட்டைக் கொண்டுவந்து சேர்த்தது 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 எனலாம். இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் காரும், அதன் உறவினங்களான ஜென், பழைய ஆல்ட்டோ ஆகியனவும், ஸ்ட்ரட் மாற்றும் வேலையைக் கற்றுக்கொள்ள இன்றும் மிகப் பொருத்தமானவை. எடை குறைவு, சக்கரம் சிறிது, சக்கர வளைவுக்குள் கை தாராளமாக நுழைகிறது, உதிரிப் பாகங்கள் விலை மலிவாகக் கிடைக்கின்றன. இக்கட்டுரை பேசுவதும் அத்தகைய முன்சக்கர இயக்கச் சிறு கார்களைப் பற்றியே. அவற்றின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்பதால் அங்கே வேலை எளிது, ரசிப்பதற்கும் அவ்வளவாக இல்லை.

கழற்றி எடுத்த ஒரு ஸ்ட்ரட்டைக் கையில் வைத்துப் பார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்பிரிங் நிற்கும் கோணத்தை. ஸ்பிரிங்கின் நடுக்கோடும் தண்டின் நடுக்கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். பல வண்டிகளில் அவை படிவதில்லை. ஸ்பிரிங் வேண்டுமென்றே சற்று வெளிப்புறமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். சக்கரம் தண்டுக்கு வெளியே தள்ளி இருப்பதால், தரையிலிருந்து எழும் விசை, ஸ்ட்ரட்டினுள் ஏறியிறங்கும் பிஸ்டன் தண்டை வளைக்கப் பார்க்கிறது; அவ்வாறு வளையும் தண்டு தன் வழிகாட்டி வளையத்தில் பக்கவாட்டில் உரசி, சிறு மேடுகளில் அசைய மறுத்து, பிறகு திடீரென்று வழுக்கும். சாய்த்து வைத்த ஸ்பிரிங் எதிர்ப்புறமாகத் தள்ளி அந்த வளைவைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. ஒரு துண்டு உலோகமும் கூடுதலாகச் சேர்க்காமல், வைக்கும் கோணத்தை மாற்றியே உராய்வைக் குறைத்த இந்தத் தீர்வு, ஸ்ட்ரட்டின் முழு அழகும் திரண்ட இடம். பின் ஷாக்கின் தண்டைவிட முன் ஸ்ட்ரட்டின் தண்டு கண்ணுக்கே தெரியும்படி பருத்திருப்பதற்கும் காரணம் இந்த வளைக்கும் விசைதான். குரோமியம் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றிய அதன் மேற்பரப்பின் வழவழப்பை நம்பித்தான் ரப்பர் சீல் எண்ணெயைக் காத்து நிற்கிறது.

எண்ணெயின் வேலையைப் புரிந்துகொள்ள, ஸ்பிரிங் மட்டும் இருக்கும் வண்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் எந்த ஆற்றலையும் அழிப்பதில்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. எனவே ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சலைப் போல வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரட்டுக்குள் எண்ணெய் நிறைந்த குழாயில் ஏறியிறங்கும் பிஸ்டனில் நுண்துளைகளும், அவற்றை மூடிநிற்கும் மெல்லிய எஃகுத் தகடுகளும் உண்டு. எண்ணெய் அத்தகடுகளை வளைத்துக்கொண்டு துளைவழியே புகும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது; கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சூடு தெரிவது அதனால்தான். பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு எழும். மெல்ல அழுத்தினால் மென்மையாக இறங்கிக் கொடுக்கும் அதே தண்டு, வெடுக்கென்று அழுத்தினால் விறைத்துக்கொள்ளும். அமுங்கும்போது குறைவாகவும் விரியும்போது கூடுதலாகவும் தடுக்கும்படி தகடுகளை அமைப்பது பொது வழக்கம். மேட்டில் ஏறும் சக்கரத்துக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு, அமுங்கிய ஸ்பிரிங் வண்டியைத் தூக்கி எறிய முயலும் கணத்தில் கடிவாளத்தை இழுப்பதே இதன் நோக்கம்.

எவ்வளவு தணிப்பது என்பது ரசனை சார்ந்த கேள்வி. கார் உடலின் இயல்பான ஆட்டம் நொடிக்கு 1 முதல் 1.5 முறை, மனிதர் நடக்கும்போது உடல் ஏறியிறங்கும் தாளத்துக்கு ஏறத்தாழ நெருக்கமானது என்பதால் அது உறுத்துவதில்லை. சக்கரமோ நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளக்கூடியது. இவ்விரண்டு ஆட்டங்களையும் ஒரே எண்ணெய்தான் அடக்க வேண்டும். ஆட்டம் ஒருமுறைகூட எதிர்ப்பக்கம் போகாமல் அடங்கும் அளவுக்குத் தணித்தால் ஒவ்வொரு கல்லும் இருக்கையில் குத்தும்; எனவே பயணிகள் கார்களில் அந்த அளவில் ஏறத்தாழ நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை மட்டுமே தணிப்பு வைப்பார்கள். நல்ல நிலையிலுள்ள ஸ்ட்ரட் ஆட்டத்தை அறவே ஒழிப்பதில்லை. ஒருமுறை எழவிட்டு, அடுத்த முறை பாதியிலேயே அமர்த்திவிடுகிறது. அந்த அரை அசைவின் நயத்தை அறிந்தவருக்கு, விளையாட்டுத்தனமாக விறைப்பேற்றிய ஷாக்குகளை மாட்டிக்கொண்டு திரியும் பழைய கார்கள் சற்று வேடிக்கையாகவே தோன்றும்.

இதில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவும் சேர்கிறது. ரோல்ஸ்ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பிரிட்டிஷ் பொறியாளர் மாரிஸ் ஆலி 1930-களில் செய்த ஆய்வுகள், முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மெதுவாக ஆட வேண்டும் என்று காட்டின. 2175 மில்லிமீட்டர் சக்கர இடைவெளி கொண்ட மாருதி 800, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மேட்டைக் கடக்கும்போது, முன் சக்கரம் ஏறியதற்கு ஏறத்தாழ 0.13 நொடி கழித்துத்தான் பின் சக்கரம் ஏறுகிறது. பின்பக்கம் சற்று விரைவாக ஆடினால் பிந்திய அந்த நேரத்தைப் பிடித்துவிடும். இரண்டு முனைகளும் ஒத்து ஏறியிறங்கி, வண்டி தலையாட்டாமல் சமமாக மிதக்கும். முன் ஸ்ட்ரட் தளர்ந்துபோன காரில் பின்னிருக்கைக்காரருக்குக் குமட்டல் வருவதற்கு இந்த ஒத்திசைவு குலைவதும் ஒரு காரணம்.

ஸ்ட்ரட் ஒரே நாளில் கெடுவதில்லை என்பதே அதன் சூழ்ச்சி. சீல் தேய்ந்து எண்ணெய் துளித்துளியாகக் கசிகிறது, தகடுகள் சோர்கின்றன, எண்ணெயில் காற்று கலந்து நுரைக்கிறது. இந்நுரையைத் தடுக்கவே பிற்கால ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தத்தில் அடைக்கிறார்கள். 1950-களில் பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போன் இதற்கு வழி திறந்தார். தேய்வு மாதக்கணக்கில் நிகழ்வதால், ஓட்டுபவர் தம்மை அறியாமலேயே வளைவுகளில் வேகம் குறைக்கவும், பிரேக்கை முன்கூட்டியே மிதிக்கவும் பழகிவிடுகிறார். வண்டி கெட்டதை அவர் பழக்கம் மறைத்துவிடுகிறது. மட்கார்டை அழுத்தி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை அனைவரும் அறிந்தது. முற்றிலும் செத்த ஸ்ட்ரட்டை அது காட்டிக்கொடுக்கும். பாதி செத்ததைக் காட்டாது. ஏனெனில் கையால் அழுத்தும் வேகமும் சாலை அழுத்தும் வேகமும் ஒன்றல்ல.

அதைவிட நம்பத்தக்க சான்றுகள் வேறிடத்தில் இருக்கின்றன. டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் பள்ளமும் மேடுமாக அலையலையாகத் தட்டுப்படுவது, சக்கரம் தரையை விட்டுத் துள்ளிக்கொண்டிருந்ததன் பதிவு. வேகத்தடையை ஏறியிறங்கிய உடன் சக்கரம் கீழே தொங்கி முழுநீளத்துக்கு விரியும்போது கேட்கும் ‘டக்’ என்ற ஓசை இன்னொன்று. பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழ்வது எல்லா வண்டிக்கும் இயல்பு. தாழ்ந்த மூக்கு நிமிர்ந்து மறுபடியும் தாழ்ந்தால்தான் நோய். ஸ்ட்ரட்டின் உடலில் தூசி ஒட்டிய மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. தண்டு ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் சீலை நனைக்கச் சிறிது எண்ணெயைக் கொண்டுவரவே செய்யும். எண்ணெய் ஒழுகி, ஸ்பிரிங் அமரும் கீழ்த்தட்டு வரை வழிந்திருந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

பழைய ஸ்ட்ரட்டை அறுத்துத் திறந்து, சீல் மாற்றி, எண்ணெய் ஊற்றி, மறுபடி பற்றவைத்துத் தரும் பட்டறைகள் நம் ஊர்களில் உண்டு. அவர்களின் கைத்திறனை மதிக்கலாம். ஆனால் குரோமியம் உரிந்து குழி விழுந்த தண்டின்மேல் எத்தனை புதிய சீலை மாட்டினாலும் அந்தக் குழியே அதைக் கிழித்துவிடும் என்பதால், புதிய ஸ்ட்ரட் இன்னும் கிடைக்கும் காருக்கு இம்முறையை ஏற்பது கடினம். புதியது வாங்குவதே முறை. அதுவும் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒருபக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக ஓடும் கார், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் இரண்டு மனதாக நடந்துகொள்ளும். இந்தியாவில் பல தலைமுறைக் கார்களுக்கு ஷாக் செய்துவரும் கேப்ரியல் இந்தியா 1961-இல் தொடங்கியது. அதற்கு ஓசூரிலும் ஆலை உண்டு. அப்பெயரின் மூலம், கிளீவ்லாந்தைச் சேர்ந்த கிளாட் ஃபாஸ்டர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எஞ்சின் புகையை ஊதவைத்து இசை எழுப்பிய ஒரு கார் ஹாரனுக்குத் தேவதூதர் கேப்ரியலின் பெயரைச் சூட்டியது. ஊதுகுழலின் பெயர் அதிர்வை அடக்கும் கருவிக்குப் போய்ச் சேர்ந்தது வரலாற்றின் குறும்பு.

ஸ்ட்ரட்டோடு நான்கு சிறு பொருள்களும் வாங்கப்பட வேண்டும். தண்டின் உச்சியை உடற்கூட்டோடு இணைக்கும் ரப்பர் மவுண்டிங், ஸ்டியரிங் திரும்பும்போது ஸ்பிரிங் முழுதும் சுழல இடம் கொடுக்கும் பேரிங், தண்டைப் புழுதியிலிருந்து காக்கும் பூட்டும் அதனுள் அமரும் பம்ப் ஸ்டாப்பரும் ஆகியனவே அவை. பம்ப் ஸ்டாப்பர் என்பது ஸ்பிரிங் அடிவரை அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தடுக்கும் ரப்பர்க் கட்டை. பழைய கார்களில் அது பொடிந்து உதிர்ந்திருப்பது வழக்கம். இவற்றின் விலை சொற்பம்; இவற்றுக்காக மறுபடி அவ்வளவையும் கழற்றும் உழைப்போ பெரிது.

வேலை சமதளமான, உறுதியான தரையில் நடக்க வேண்டும். மண்தரையில் ஜாக்கி புதையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே நெகிழ்த்தி, பின்னர் உயர்த்தி, உற்பத்தியாளர் குறித்த இடத்தில் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி வண்டியை அவற்றின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானதன்று. செங்கல்லை அடுக்கி முட்டுக்கொடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு; செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும் என்பதால் அதை எந்த நிலையிலும் ஏற்பதற்கில்லை. முந்தைய மாலையே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவைப்பவருக்கு மறுநாள் பாதி வேலை முடிந்ததற்குச் சமம். கடற்கரை ஊர்களில் நிறுத்தப்பட்ட காராயின் அந்த எண்ணெய்க்கு இரண்டு இரவு கொடுப்பதும் தகும்.

சக்கரம் கழன்றதும் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி தெரிகிறது. சக்கரத்தின் அச்சைத் தாங்கும் நக்கிள் என்னும் வார்ப்பிரும்புத் துண்டை அது இரண்டு தடித்த போல்ட்டுகளால் பற்றியிருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மேல்போல்ட்டுக்கும் கீழ்போல்ட்டுக்கும் இடையே 55 மில்லிமீட்டர் தொலைவு என்று கொண்டால், துளையில் உள்ள 1 மில்லிமீட்டர் ஆட்டம்கூடச் சக்கரத்தின் சாய்வை ஏறக்குறைய 1 பாகை மாற்றிவிடும். சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்னும் அந்த அளவையே கேம்பர் என்கிறார்கள். டயர் ஒருபக்கமாகத் தேய்வதும் வண்டி ஒருபக்கம் இழுப்பதும் அதைப் பொறுத்தவை. ஆகவே தேர்ந்த கை ஸ்பானரைத் தொடுமுன், இரண்டு உலோகங்களும் சந்திக்கும் விளிம்பில் ஊசியால் கீறியோ வெள்ளைப் பெயின்ட்டால் கோடிட்டோ பழைய நிலையைக் குறித்துவைக்கும். புதிய ஸ்ட்ரட்டில் அந்தக் குறி துல்லியமாகப் பொருந்தாது. எனினும் அலைன்மென்ட் செய்யும் கடைவரை வண்டியை நிதானமாக ஓட்டிச் செல்ல அது போதும்.

பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டின் பிடியிலிருந்து விடுவித்த பின்னரே போல்ட்டுகளை எடுக்க வேண்டும். நட்டு கழன்றும் போல்ட் நகர மறுத்தால், நட்டைச் சில புரிகள் மட்டும் திருப்பி மாட்டி அதன் தலையில் தட்டுவது மரபு. அடி நட்டில் விழும், போல்ட்டின் மரை பிழைக்கும். பிடி விட்டவுடன் நக்கிள் வெளிப்புறமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். அதை விழவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடுவதோடு, எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனை இணைப்பும் உருவிக்கொள்ளக்கூடும். ஒரு துண்டுக் கயிற்றால் நக்கிளை மேலே இழுத்துக் கட்டிவைப்பது பத்து விநாடி வேலை. அதை மறந்தவர் அடுத்த அரைநாளைக் கிரீஸில் கழிக்கிறார். அதன்பின் பானெட்டைத் திறந்து, உச்சியில் உள்ள இரண்டோ மூன்றோ நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் முழுதாகக் கைக்கு வந்துவிடும். அந்த நட்டுகளின் நடுவே தெரியும் பெரிய நட்டை மட்டும் அப்போது தொடவே கூடாது.

அந்த நடு நட்டுதான் வேலையின் உயிர்நிலை. தண்டின் உச்சியில் மவுண்டிங்கைப் பிடித்திருக்கும் அது, அமுங்கிய ஸ்பிரிங் முழுவதையும் அடக்கி வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றும், 150 மில்லிமீட்டர் அமுக்கப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அதில் தேங்கியுள்ள ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ இரும்பு 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கொண்டிருக்கும் ஆற்றல் அது. எனவே முதலில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்னும் கருவியால் சுருளை மேலும் இறுக்கி, மவுண்டிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே தளர்வு ஏற்படுத்த வேண்டும். கொக்கிகள் கொண்ட இரண்டு நீண்ட திருகுகள் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டப்படுகின்றன. ஒன்றில் சில சுற்று, மற்றதில் அதே அளவு என்று மாறிமாறித் திருக, சுருள் கோணாமல் நேராகச் சுருங்குகிறது. ஒரு பக்கம் முந்தினால் ஸ்பிரிங் வாழைப்பழம்போல் வளையத் தொடங்கும். வளைவு கண்ணில் பட்ட கணமே நிறுத்திப் பின்வாங்குவதே அறிவு. தண்டின் முனை நோக்கும் திசையில் முகமோ உடலோ இருக்கக் கூடாது. கொக்கி தேய்ந்த, மரை இழுபட்ட மலிவான கம்ப்ரஸரைத் தவிர வேறொன்றும் கைவசம் இல்லாதவர், இந்த ஒரு கட்டத்தை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதில் இழுக்கு ஏதுமில்லை. வீட்டில் செய்தல் என்பதற்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தல் என்று பொருள்கொள்ளும் பிடிவாதத்தை, வேலை தெரிந்தவர்கள் மெச்சுவதில்லை.

ஸ்பிரிங் கையால் அசைக்கத்தக்க அளவு தளர்ந்த பின், தண்டின் தலையை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நடு நட்டை ரிங் ஸ்பானரால் கழற்ற வேண்டும். நட்டு, வாஷர், மவுண்டிங், பேரிங், மேல் இருக்கை, ரப்பர், ஸ்பிரிங், பம்ப் ஸ்டாப்பர், பூட் என ஒவ்வொன்றும் வெளிவரும் வரிசையிலேயே ஒரு துணியின்மேல் பரப்பப்படும்போது, இதுவரை ஒன்றாகத் தெரிந்த தண்டு தன் மூன்று பொறுப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. எடை சுமந்த ஸ்பிரிங்கில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் பெரும்பாலும் குறையிராது. பெயின்ட் உரிந்து துரு ஆழமாக அரித்த சுருள்தான் மாற்றப்பட வேண்டியது. திருப்பும் பொறுப்பிலிருந்த பேரிங்கை விரலில் வைத்துச் சுழற்றினால் மணல் நெரிவதுபோல் கரகரக்கும். வளைவு முடிந்த பின்னும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்ப மறுத்ததற்கும், நின்ற இடத்தில் திருப்பும்போது ‘டங்’கென்று ஸ்பிரிங் துள்ளியதற்கும் விளக்கம் அந்தக் கரகரப்பில் கிடைத்துவிடும். தணிக்கும் பொறுப்பிலிருந்த பழைய தண்டை நிமிர்த்தி அழுத்தினால் எதிர்ப்பின்றி இறங்கி, அங்கேயே கிடக்கும். பெட்டியிலிருந்து எடுத்த புதிய வாயு ஸ்ட்ரட்டின் கட்டை அறுத்தாலோ, தண்டு யாரும் இழுக்காமலேயே சீராக, அவசரமின்றி எழுந்து நிற்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கையால் அழுத்திப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம், பக்கம்பக்கமாகப் படித்தும் விளங்காத தணிப்பு என்னும் கருத்தை உள்ளங்கையில் வைத்துவிடுகிறது.

புதிய ஸ்ட்ரட்டை உடனே மாட்டிவிடுவது அவசரக்காரர் செயல். கிடைமட்டமாகக் கிடந்த ஸ்ட்ரட்டின் உட்குழாயில் காற்றுக்குமிழ் புகுந்திருக்கக்கூடும் என்பதால், அதை நிமிர்த்திப் பிடித்து, முழு நீளத்துக்கும் மெல்ல அழுத்தியும் விரித்தும், நடுவில் வெற்றிடம் தட்டுப்படாமல் எதிர்ப்பு ஒரே சீராக வரும்வரை சிலமுறை இயக்க வேண்டும். தண்டைக் குறடால் பிடிப்பது பெரும் பிழை. அங்கே விழும் ஒரு கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். நட்டு முடுக்கும் மின்சாரக் கருவியால் நடு நட்டை இறுக்குவதும் அவ்வாறே. தண்டு உள்ளே சுழன்று சீலையும் பிஸ்டனையும் வருத்தும். ஸ்பிரிங்கின் கீழ்முனை, கீழ்த்தட்டில் அதற்கென்று உள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். படியைத் தாண்டி நிற்கும் ஸ்பிரிங், வண்டி தரையில் இறங்கியபின் ஒரு நாள் ஓசையோடு தன் இடத்துக்கு நகரும். பின்னர், இறுக்கியபோது கடைப்பிடித்த அதே பொறுமையோடு கம்ப்ரஸரை மாறிமாறித் தளர்த்த, ஸ்பிரிங் விரிந்து மேல் இருக்கையைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.

மாட்டும் வரிசை கழற்றிய வரிசையின் தலைகீழ். மேல் நட்டுகளை விரலால் மட்டும் பிடிக்கவிட்டு, கீழே நக்கிளைச் சேர்த்து, குறியைப் பார்த்து நிறுத்தி, அதன்பின் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதைத் தோள்வலிமையிடம் விடாமல், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சிடம் கேட்க வேண்டும். அளவு காருக்குக் கார் வேறுபடுவதால் அந்தந்தக் காரின் சர்வீஸ் கையேடே சான்று. உள்ளே நைலான் வளையம் கொண்ட பூட்டு நட்டுகளை ஒருமுறைக்கு மேல் நம்பாமல் புதியவற்றை மாட்டுவது நல்லது. இவ்வேலையோடு கீழ்க்கையின் ரப்பர் புஷ்ஷையும் மாற்றுபவர் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. புஷ் என்பது உள்ளும் புறமும் இரும்போடு ஒட்டிய ரப்பர் வளையம்; அது சுழல்வதில்லை, முறுக்கிக் கொடுக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் அதன் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே கிடந்து விரைவில் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தின்மேல் வந்த பிறகே கடைசி இறுக்கு என்பது அதனால் வந்த விதி. வண்டியைத் தரையில் இறக்கி, சிறிது முன்னும் பின்னும் தள்ளி, மட்கார்டை நாலைந்து முறை அழுத்தி எல்லாம் தத்தம் இடத்தில் அமர்ந்த பின், மறுபடி கீழே படுத்து அந்த ஒரு போல்ட்டுக்காகக் கை நீட்டுபவரிடம் இக்கலையின் பக்குவம் தெரியும்.

அலைன்மென்ட்டைத் தவிர்க்க வழியில்லை. ஸ்ட்ரட் மாறினால் கேம்பர் மாறும். கேம்பர் மாறினால், முன் சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவான டோவும் மாறும். முதல் ஓட்டத்தில் ஓட்டுபவருக்குப் படும் வேறுபாடு பெரும்பாலும் மென்மையாக இராது; புதிய ஸ்ட்ரட்டும் புதிய மவுண்டிங்கும் சற்று விறைப்பாகவே தோன்றும். வேகத்தடையைத் தாண்டிய பின் கவனித்தால்தான் வித்தியாசம் தெரியும். முன்பு இரண்டு மூன்று முறை குனிந்து நிமிர்ந்த பானெட் இப்போது ஒருமுறை எழுந்து நின்றுவிடும். அதே ஓட்டத்தில், ஸ்ட்ரட்டை மாற்றியும் சக்கரப் பக்கமிருந்து ஒரு முனகல் தொடர்வதைக் கேட்டு, வாங்கிய பொருளின் தரத்தை ஐயுறுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் டயரின் குரல். தேய்ந்த ஸ்ட்ரட் இத்தனை நாளும் துள்ளவிட்டுச் செதுக்கிய பள்ளங்கள் டயரில் அப்படியே இருக்கின்றன. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் ஓசை இருக்கைக்குப் பின்னே போகும், புதிய டயர் போட்ட பிறகே போய் ஒழியும்.